ஆறு மணிப் பயிற்சி

அறிவிப்பு வந்த அன்று தன்ஷிகா தெருமுனையில் இரண்டு பையன்களை அடித்துவிட்டு வந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கல்வி மையத்துச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"பெரியவங்க யாரும் இல்லியா?"

நான் தலையை அசைத்தேன்.

"நீ யாரு, அக்காவா?"

அதற்கும் தலையை அசைத்தேன். அவள் உறையைக் கொடுத்துவிட்டு என் பெருவிரலைத் தன் கருவியில் ஒற்றி எடுத்துக்கொண்டாள். போகும்போது தன்ஷிகாவின் முழங்கையை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா செருப்பு கம்பெனி வேனிலிருந்து இறங்கி வர ஏழு மணி ஆகும். அதுவரை உறையைப் பிரிக்காமல் அரிசிப் பானைமேல் வைத்திருந்தேன். அம்மா வந்து, கைகழுவி, உட்கார்ந்து, "படி" என்றாள். பத்து வருடமாகக் கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் தைத்துத் தைத்து அவளுடைய கண் போய்விட்டது. தூரத்துப் பேருந்தின் எண்ணைச் சொல்வாள். கிட்டத்தில் பிடித்த காகிதத்தில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது என்பாள்.

"மாணவி தன்ஷிகா, மூன்றாம் வகுப்பு. கணிப்பு: தீவிர உள்ளச்சம். பரிந்துரை: உறைவிடத் தனிக்கவனப் பள்ளி."

அம்மா முதலில் சிரித்தாள். "யாருக்கு, இவளுக்கா அச்சம்? இவளப் பாத்து இந்தத் தெரு நடுங்குது. இன்னிக்கு யாரடி அடிச்ச?"

"கோகுலையும் அவன் தம்பியையும்" என்றாள் தன்ஷிகா. "அவனுங்க முதல்ல ஓணானை அடிச்சானுங்க."

"பாத்தியா?"

நான் மீதியைப் படித்தேன். "பதினைந்து நாட்களுக்குள் பெற்றோர் ஆட்சேபம் தெரிவிக்காவிடில் மையத்தின் வண்டி வந்து மாணவியை அழைத்துச் செல்லும்."

வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றது.

அந்த வண்டியை எங்கள் தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாம்பல் நிறம். பின்பக்கத்தில் சிரிக்கும் சூரியன் படம் வரைந்திருக்கும். தனிக்கவனப் பள்ளி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார்கள். அவர்களை யாரும் அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. கன்னம் உப்பித்தான் வருவார்கள். ஆனால் பின்தெரு மெஹர் அத்தையின் மகன் ஃபைசல் போன பொங்கல் விடுமுறையில் வந்தபோது, தண்ணீர்ப் பானைக்கு முன்னால் போய் நின்று, "நான் இப்ப குடிக்கலாமா?" என்று கேட்டான். குடித்துவிட்டு, "நான் இப்ப உக்காரலாமா?" என்று கேட்டான். போவதற்கு முன்னால் அவன் எதற்கெடுத்தாலும் அலறுகிற பையன். அலறலே மேல் என்று மெஹர் அத்தை அம்மாவிடம் சொல்லி அழுதார்.

இதெல்லாம் பட்டை வந்த பிறகுதான். நான்கு வருடத்துக்கு முன்பு, ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டச் சொன்னார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அதனால் எனக்குக் கட்டவில்லை. பட்டை நாடியைக் கேட்கும். தோல் வியர்ப்பதைப் பார்க்கும். பகலில் பள்ளியில் ஓடும். மாலை ஆறு மணிக்கு வீட்டில் ஒரு மணி நேரப் பயிற்சி. பலகை என்று ஒரு திரை கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்குரல் கேள்வி கேட்கும். பிள்ளை பதிலைத் தொட்டுக் காட்ட வேண்டும். பதில் சரியா தப்பா என்பது அதற்குப் பெரிதல்ல. பதில் சொல்லும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அதற்கு வேண்டும். அதை வைத்து அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் எப்படி இருக்கும் என்று எழுதிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மெஹர் அத்தை வீட்டுக்குப் போனாள். அவர் முன்பு அம்மாவோடு அதே வரிசையில் தைத்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டு, இந்த மாதிரிக் கடிதம் வருகிற வீடுகளுக்கு மனு எழுதித் தருகிறார். கட்டில் முழுக்கக் காகிதக் கட்டுகள். தன்ஷிகா வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியோடு முட்டி விளையாடப் போய்விட்டாள்.

"வளரு, மூணு விஷயம் நல்லா கேட்டுக்கோ" என்றார் மெஹர் அத்தை, அம்மாவிடம். "ஒண்ணு, அவங்ககிட்ட இருக்கற பதிவு பூரா கேக்கணும். ஒரு தாள் விடாம குடுத்தாகணும், அது சட்டம். ரெண்டாவது, அவங்க ஆள் இல்லாம வெளி ஆளை வெச்சு மறுபடி சோதிக்கச் சொல்லணும். மூணாவது, ஆட்சேபம் போட்டுட்டா விசாரணை முடியற வரைக்கும் புள்ளையத் தொட முடியாது. வண்டி வந்து நின்னாலும் கதவைத் தொறக்காத."

"இவ்ளோ தெரிஞ்சும் உன் புள்ள அங்கதான கீறான்?"

அம்மா அப்படித்தான். பயம் வந்தால் பேச்சு குத்தலாக வரும்.

மெஹர் அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு இதெல்லாம் பதினாறாம் நாள்தான் தெரிஞ்சுது" என்றார்.

வெளியில் ஆட்டுக்குட்டி கத்தியது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றார் மெஹர் அத்தை, குரலைத் தாழ்த்தி. "பட்டைய வேற யாருக்காவது கட்டினீங்களா? இந்தத் தெருவுல கட்டாத வீடே இல்ல. ஓட்டப்பயிற்சிக் கணக்குக்கு நானே ஃபைசல் பட்டைய ஆட்டுக் கழுத்துல கட்டி விரட்டியிருக்கேன். பையன் ஒரே நாள்ல ஆறாயிரம் தடவ குதிச்சான்னு பாராட்டி லெட்டர் வந்துச்சு."

அம்மா சிரிக்க முயன்றாள். பிறகு தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன்.

"சரி, சொல்லாத" என்றார் மெஹர் அத்தை. "எங்கிட்டயும் சொல்லாத, அங்கயும் சொல்லாத. சொன்னா, தாய்க்குப் புள்ள வளக்கத் தெரியலன்னு தனியா ஒரு கோப்பு தொறப்பாங்க. அந்தக் கோப்பை மூட என்னால முடியாது."

ஆறு மணிப் பயிற்சியை இரண்டு வருடமாக நான்தான் செய்தேன்.

தன்ஷிகா ஓரிடத்தில் உட்காரமாட்டாள். ஆறு மணிக்கு அவள் பாலாற்று மணலில் இருப்பாள். ஒரு மாதத்தில் மூன்று நாள் பயிற்சி தவறினால் பெற்றோர் பள்ளிக்கு வந்து ஒரு காலை முழுக்க உட்கார வேண்டும். அம்மா அப்படிப் போன இரண்டு தடவையும் கம்பெனி வேன் போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தினான். மூன்றாவது தடவை வராமலேயே இருந்துகொள் என்றான். அன்றைக்கு அம்மா பட்டையை என் கையில் கொடுத்து, "நீ கட்டிக்கினு முடிச்சுடுடி சுபி. ஒண்ணாங்கிளாஸ் கணக்குதான, உனக்குத் தெரியாததா?" என்றாள். எனக்குத் தெரிந்த கணக்குதான். தெரிந்ததைக் கேட்டால்தான் எனக்கு அதிகமாக நடுங்கும். சொல்லியாக வேண்டுமே என்று.

ஆட்சேபம் போட்டு நாங்கள் கேட்ட பதிவுகள் எட்டாம் நாள் வந்தன. இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, தன்ஷிகா விளையாடப் போன பிறகு, அம்மா கட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"மாலை 6.04. கேள்வி ஒன்று. நாடி 112" என்று படித்தேன். "6.12. கேள்வி நான்கு. நாடி 128. மாணவிக்கு விடை தெரியும். விரல் சரியான விடைக்கு மேல் பதினோரு வினாடி நின்றது. தொடவில்லை. உள்ளங்கை வியர்வை மிகுதி."

"ம், மேல படி" என்றாள் அம்மா.

"6.15. கேள்வி கேட்பதற்கு முன்பே மூச்சு நிற்கிறது. 6.19. குரல் மாணவியின் பெயரைச் சொன்னதும் நாடி 134. ஆபத்தை நேரில் பார்ப்பவரின் அளவு."

பெயர் தன்ஷிகாவின் பெயர்தான். ஆனாலும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு அப்படி ஆகும்.

"எல்லா நாளும் அப்டியா எழுதியிருக்குது?"

பக்கங்களைப் புரட்டினேன். எல்லா நாளும் அப்படித்தான் எழுதியிருந்தது. தீபாவளிக்கு முந்தின நாளும், எனக்குக் காய்ச்சல் அடித்த வாரமும், மழையில் மின்சாரம் போய்ப் பட்டையின் சின்ன விளக்கு மட்டும் எரிந்த மாலையும். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு வருடம், நாள் தவறாமல், நிமிடக் கணக்கோடு.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் அம்மா. மிக மெதுவாகத்தான் கேட்டாள்.

என்ன சொல்வது? ஆறு மணி ஆகவே வேண்டாம் என்று இருக்கிறது என்றா? அவள் அப்போது தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் மூன்று பக்கம் தனியாகத் தைத்திருந்தது. தலைப்பு, எதிர்காலக் கணிப்பு. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

பதின்மூன்று வயது: ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்போது எழுந்து நிற்க முடியாத ஒரு நாள் வரும். மறுநாள் முதல் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொள்வாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. புவியியல் வகுப்பு. ஆசிரியை மூன்று தடவை கூப்பிட்டார். எனக்குக் கால்கள் இருந்த இடமே தெரியவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். புதன்கிழமை நான் போகவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் போகவில்லை. என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒன்று, அதை அப்படியே எழுதி, தன்ஷிகாவுக்கு ஐந்து வருடம் கழித்து நடக்கும் என்று வைத்திருந்தது.

பதினைந்து வயது: முகம் பார்த்துப் பேசுவதில்லை. பெரும்பாலும் தலையசைப்பு.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நடந்து முடிந்ததைப் படிக்கும்போது இல்லாத குளிர் அதைப் படிக்கும்போது முதுகில் இறங்கியது. இன்னும் நடக்காத வரி அது.

பதினெட்டு வயது: வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஒருவரோடு மட்டும் பேச்சு. அவரும் இல்லாத நிலையில், பேச்சு இல்லை.

"இன்னா எழுதியிருக்குது அதுல?"

"கணக்குதான்ம்மா. வெறும் எண்ணு" என்றேன்.

அம்மா காகிதங்களை அடுக்கி, பழைய துப்பட்டாவில் கட்டி, பரண்மேல் வைத்தாள். கீழே இறங்கியதும், "வெளி ஆள் வந்து சோதிக்கட்டும். நம்ம தன்ஷிய நேர்ல பாத்தா யாரும் இந்த மாதிரி எழுத மாட்டாங்க" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எங்களில் ஒருத்தியை விட வேண்டியிருக்கும் என்று அவளுக்கும் எனக்கும் தெரிந்திருந்தது.

விசாரணை திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. மாவட்ட மையத்தின் மூன்றாம் மாடி. வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று மெஹர் அத்தையைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா தீபாவளிப் புடவை கட்டியிருந்தாள். தன்ஷிகாவுக்கு ரெட்டை ஜடை. படி ஏறும்போதே எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பாவாடையில் துடைத்துக்கொண்டே போனேன்.

விசாரணை அலுவலர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். கடுமையான ஆள் இல்லை. "உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். பக்கத்தில் வெளி மதிப்பீட்டாளர், மீசை இல்லாத இளைஞர், ஒரு புதுப் பட்டையைத் தன்ஷிகாவின் கையில் கட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் அவளுடைய நாடி எண் தெரிந்தது.

"பதினேழும் இருபத்தஞ்சும் எவ்ளோம்மா?"

"நாப்பத்திரெண்டு. இது ரெண்டாங்கிளாஸ் கணக்கு சார். பெருசா கேளுங்க."

"சரி, உனக்கு எதைப் பாத்தா பயம்?"

"பல்லி. ஆனா அதுக்கும் என்னைப் பாத்தா பயம். அதனால ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணிக்க மாட்டோம்."

மதிப்பீட்டாளர் சிரித்துவிட்டார். திரையில் எண்பத்து நான்கு. அதைத் தாண்டி ஏறவே இல்லை. இருபது நிமிடம் கேட்டார். தன்ஷிகா பாதி பதிலைக் கேள்வி முடிவதற்குள் சொன்னாள். ஒரு தடவை, "உங்க மீசை எங்க சார்?" என்றுகூடக் கேட்டாள்.

அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா மேடம்? இவளுக்குப் போயி..."

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இங்க எண்பத்து நாலு. வீட்டுல நூத்தி இருபத்தெட்டு. ஸ்கூல்லயும் எண்பதைத் தாண்டல. நீங்க வளத்த பொண்ணு தைரியமா இருக்கான்னு சொல்றீங்க. நாங்களும் அதைத்தான் சொல்றோம். வெளியில தைரியமா இருக்கா. யாரும் இல்லாத நேரத்துல, ஒரு பலகை கேள்வி கேட்டாக்கூட நடுங்குறா. இவ்ளோ பயத்த எட்டு வயசுல இவ்ளோ நல்லா மறைக்கிற புள்ளைய நான் பாத்ததே இல்ல. எங்களுக்குக் கவலையே அதான்."

"இவ மறைக்கிறவளா? மூக்கு நோண்டறதக்கூட மறைக்க மாட்டா மேடம்!"

அலுவலர் சிரிக்கவில்லை. "முழங்கையில காயம் ஆறியிருக்கு. எப்படி வந்துச்சு?"

"சண்டை போட்டேன்" என்றாள் தன்ஷிகா.

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். அவள் எவ்வளவு நன்றாகப் பேசினாளோ அவ்வளவும் அந்தத் தாளில் போய் அவளுக்கு எதிராக உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வெளி மதிப்பீடும் எங்க முடிவை மாத்தல. விசாரணை இதோட முடிஞ்சுது. வண்டி வியாழக்கிழமை வரும். துணி மூணு செட் போதும்" என்றார் அலுவலர்.

"அந்த மிஷினு தப்பு மேடம்."

"எப்படித் தப்பு? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அம்மாவின் வாய் திறந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் கண் என் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போனது. வாயை மூடிக்கொண்டாள். அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தன்ஷிகாவைப் பறிகொடுத்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள்.

"எந்த வண்டிம்மா?" என்றாள் தன்ஷிகா. யாரும் பதில் சொல்லாததால் என்னைப் பார்த்தாள். "அக்கா, ஃபைசல் அண்ணன் போன வண்டியா?"

திரையில் எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூறு. தொண்ணூற்று ஆறு. அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த ஒன்று. இப்படியே விட்டால் மலைக்கு அந்தப் பக்கம் போய் அவள் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நின்று அனுமதி கேட்பாள்.

நான் எழுந்தேன். பேசத்தான் எழுந்தேன். ஆனால் தன்ஷிகாவின் கையைப் பிடித்துப் பட்டையை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அந்தக் கொக்கியை இருட்டிலும் போடுவேன். பிறகு மேசைமேல் இருந்த பலகையைத் தொட்டேன்.

"பதினேழும் இருபத்தைந்தும் எவ்வளவு?" என்றது அந்தப் பெண்குரல்.

நூற்றுப் பத்து. நூற்று இருபத்தொன்று. நூற்று இருபத்தெட்டு. என் விரல் நாற்பத்திரண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. கீழே இறங்க மறுத்தது. நூற்று முப்பத்து மூன்று. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

திரையில் பச்சை எழுத்து வந்தது. பதிவு பொருந்துகிறது.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா நீ?"

"என் பெரிய பொண்ணு மேடம். சுபிக்ஷா" என்றாள் அம்மா. "ஏன்டி இப்படிப் பண்ண?" என்று என்னிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்தது.

"எத்தனை நாளா நீ பட்டை கட்டுற?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு வருஷம்!" என்றாள் தன்ஷிகா. வண்டி தனக்கில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. "எங்க அக்காவுக்கு எல்லாக் கணக்கும் தெரியும். ஆனா ஸ்கூல் போறதில்ல. எங்கிட்ட மட்டும் நல்லா பேசுவா."

"வயசு?"

"பதினஞ்சு" என்றாள் அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அலுவலர் மெதுவாகத் தலையாட்டினார். அவர் கண்ணில் கோபமே இல்லை. இரக்கம்தான் இருந்தது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. "பட்டைய மாத்திக் கட்டினதைப் பத்தி இப்ப நான் எழுதல. ஆனா இந்த ரெண்டு வருஷமும் ஒரு புள்ள நடுங்கிட்டு இருந்திருக்கு, அது உண்மை. பதினெட்டு வரைக்கும் எங்க பொறுப்பு. தீர்மானத்துல தப்பு இல்லம்மா. பேருலதான் தப்பு."

"பேர மாத்திட்டா சரியாப் போச்சா? இவ வீட்டோட கீறா, யாருக்கு இன்னா தொந்தரவு?"

"தொந்தரவுன்னு யாரு சொன்னா? உதவி செய்யறோம்னுதான் சொல்றோம்."

விசைகளைத் தட்டினார். அச்சுப்பொறி ஒரு தாளைத் தள்ளியது. மாணவி சுபிக்ஷா. தீவிர உள்ளச்சம். வியாழக்கிழமை. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று சம்மதம், மற்றது ஆட்சேபம். "உங்களுக்கு உரிமை இருக்கு. படிச்சுப் பாத்துப் போடுங்க" என்று சொல்லி, தாளையும் பேனாவையும் எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, மதிப்பீட்டாளரோடு ஜன்னல் பக்கம் போய்ப் பேசத் தொடங்கினார்.

அம்மா தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள், தூரத்தில் பிடித்தாள், என்னிடம் வைத்தாள். "ஆட்சேபம் எங்க போட்டிருக்குதுடி? மெஹர் சொன்னா இல்ல, ஆட்சேபம் போட்டுட்டா தொட முடியாது. உன்னயும் விட மாட்டேன்டி. சென்னை வரைக்கும் போவேன். காட்டு."

ஆட்சேபக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டால், அது முடிவாகும் வரை பதிவும் ஆணையும் முதலில் குறித்த மாணவியின் பெயரிலேயே நடைமுறையில் இருக்கும்.

இரண்டு தடவை படித்தேன். முதலில் குறித்த மாணவி தன்ஷிகா. அவளுக்கான விசாரணை இன்றோடு முடிந்துவிட்டது. அம்மா எனக்காகச் சண்டை போடுகிற நாள் முழுக்க அவள் அங்கே இருப்பாள்.

"எங்கடி?"

நான் விரலை இடதுபக்கக் கட்டத்தில் வைத்தேன். சம்மதம்.

"இங்கயா?"

"ஆமாம்மா, இங்கதான்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அது. தெளிவாக வந்தது.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் ஒரு கோடு இழுத்து, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது. அலுவலர் வந்து பார்த்தார். அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முத்திரை குத்தி ஒரு நகலைக் கொடுத்தார்.

படி இறங்கும்போது அம்மா நிறுத்தாமல் பேசினாள். "உன் பேப்பர் பூரா கேப்பேன். வெளி ஆளை வெச்சு நம்ம வீட்டுலயே வந்து பாக்கச் சொல்வேன். தன்ஷிகிட்ட நீ பேசறத அவங்க கேக்கட்டும். பேசத் தெரியாதாம், பயமாம். யாருக்குத்தான் பயம் இல்ல? அந்த சூப்பர்வைசரைப் பாத்தா எனக்குக்கூடத்தான் நாடி எகிறுது. என்னைக் கட்டி ஏத்திக்கினு போவாங்களா?"

கீழே வேப்பமரத்தடியில் மெஹர் அத்தை காத்திருந்தார். அம்மா நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, நகலை நீட்டினாள். "ஆட்சேபம்தான் போட்டேன் மெஹர். சரியாப் போட்டிருக்கேனா பாரு."

மெஹர் அத்தை படித்தார். மேலிருந்து கீழே வந்தார். கட்டங்களில் நின்றார். பொடி எழுத்துக்குப் போனார், மறுபடி கட்டத்துக்கு வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. பின்னால் தன்ஷிகா மரத்தில் ஏற முயன்று சறுக்கி விழுந்து, தானே எழுந்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்க வளரு" என்றார் மெஹர் அத்தை.

தாளை நான்காக மடித்தார். அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் பைக்குள் வைத்துப் பையை மூடினார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். உங்கிட்ட இருந்தாதான் பத்திரம்" என்றாள் அம்மா. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பதினஞ்சு நாள் கீது. இந்தத் தடவ ஒரு நாளும் வீணாக்கக் கூடாது."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை விரித்து, செவ்வாய், புதன் என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். வியாழக்கிழமை மூன்றாவது விரலில் வந்தது. அவள் நிற்காமல் நான்காவதை மடக்கினாள்.